ஃபுனாசுஷி: வயலுக்கு ஏறிய மீனும் வயலில் விளைந்த சோறும்

கியோட்டோவுக்குக் கிழக்கே இருக்கிறது ஷிகா மாகாணம். அதன் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஒரே ஏரி பிடித்துக்கொண்டிருக்கிறது. பிவா ஏரி, சுமார் 670 சதுர கிலோமீட்டர், ஜப்பானிலேயே பெரியது. இந்த ஏரிக்கரை ஊர்களில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சின்ன வயதில் நெல் வயலில் மீன் பிடித்த கதை வந்துவிடும். மே, ஜூன் மழையில் ஏரி பெருகி, வாய்க்கால் நிரம்பி, வரப்பைத் தொட்டுத் தண்ணீர் நிற்கும் நாட்களில், முட்டையிட இடம் தேடிச் சினை மீன்கள் கூட்டங்கூட்டமாக வயலுக்குள் ஏறிவரும். முழங்கால் கூட நனையாத தண்ணீரில் முதுகு வெளியே தெரிய நெளியும் மீனைப் பிடிக்க வலை எதற்கு? கூடையும் கையும் போதும்.

அந்த மீனை உப்பிலிட்டு, அதே மண்ணில் விளைந்த அரிசியின் சோற்றில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தால் கிடைப்பது ஃபுனாசுஷி. வினிகர் கிடையாது, பச்சை மீன் கிடையாது, கையால் பிடித்து வைத்த சோற்று உருண்டையும் கிடையாது. சுஷி என்று இன்று உலகம் அறிந்திருக்கும் பண்டத்தோடு இதற்கு முகச்சாயல் கூட இல்லை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று, "சுஷியின் மூதாதை, ஆயிரம் ஆண்டுப் பழமை" என்ற பெருமை. இன்னொன்று, அதன் வாடை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்தச் சுஷி ஏன் பிவா ஏரியில் மட்டும் இவ்வளவு ஊன்றி நின்றது என்பதற்கும், சென்ற நூற்றாண்டின் கடைசியில் ஏன் அது கைநழுவப் பார்த்தது என்பதற்கும் இரண்டிலும் விடை இல்லை. ஏரிக்கும் வயலுக்கும் நடுவே தண்ணீர் எப்படிப் போய்வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

மீனும் சோறும்

முதலில் மீன். நிகோரோபுனா என்பது கெண்டை இனத்தது, தங்கமீனுக்கு நெருங்கிய சொந்தம். பிவா ஏரியையும் அதைச் சேர்ந்த நீர்நிலைகளையும் விட்டால் இதற்கு வேறு பிறந்த ஊர் கிடையாது. இதே ஏரிக்கு உரிய கெங்கோரோபுனா என்ற இன்னொரு உறவு மீனும் உண்டு. அதிலும் சுஷி போடுகிறார்கள். ஆனால் எலும்பு மெத்தென்று ஆவது நிகோரோபுனாவில்தான் என்று ஊரார் இதற்கே முதலிடம் தருவார்கள். அதிலும் வசந்தத்தில் பிடிபடும் சினை மீனுக்குத்தான் மவுசு. ஆண் மீனில் போட்டதும் கடையில் கிடைக்கும், விலை குறைவாக.

மீனைச் சுத்தம் செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். செதிலைச் சுரண்டி, செவுளைப் பிய்த்தெடுத்து, அந்த வழியாகவே ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடலை மட்டும் உருவி எடுப்பார்கள். வயிற்றில் கத்தி படக் கூடாது. சினை அப்படியே உள்ளே இருக்க வேண்டும். பித்தம் உடைந்துவிட்டால் மீன் கசந்துபோகும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். அப்புறம் வயிற்றுக்குள்ளும் தலைக்குள்ளும் உப்பைத் திணித்து, தொட்டியில் மீன் ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று அடுக்கி, மேலே பாரம் ஏற்றி விட்டுவிடுவார்கள். வசந்தத்தில் போட்ட உப்பு, கோடை முற்றும் வரை அப்படியே இருக்கும்.

ஜூலை கடைசியில், வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில், அடுத்த வேலை. உப்பு மீனைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, உள்ளிருக்கும் அழுக்கும் மிஞ்சிய செதிலும் போக்கி, மேனி பளபளக்கும் வரை விடாமல் துலக்கி, நிழலில் ஈரம் உலர வைக்கிறார்கள். இந்தக் கழுவலில் சோம்பல் பட்டால் பிறகு வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அனுபவசாலிகளின் பேச்சு. சற்றே விறைப்பாக வடித்த சோற்றை ஆறவைத்து, மீனின் தலைக்குள் திணித்து, சோறு ஒரு படுகை, மீன் ஒரு படுகையாகத் தொட்டியை நிரப்புகிறார்கள். மூடியை வைத்துக் கனமான கற்கள். ஓரிரு நாளில் சோறு அமுங்கியதும் மூடிக்கு மேல் தண்ணீர் ஊற்றி நிறுத்துவார்கள். காற்று உள்ளே போகாமல் இருக்க இதுவே பூட்டு. அவ்வப்போது அந்தத் தண்ணீரை மாற்றுவது, கற்களைச் சரிபார்ப்பது தவிர வேறு வேலை இல்லை. புத்தாண்டுக்குத் திறக்கலாம். இன்னும் ஓராண்டு, ஈராண்டு விட்டாலும் சரி. 1619-இல் தொடங்கிய ஒரு பழைய கடையில் நூறு மொம்மே மீன், நூறு கன் பாரம், ஆயிரம் நாள் என்று கணக்குச் சொல்வார்கள். இன்றைய அளவில் 375 கிராம் மீன், 375 கிலோ பாரம், மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

உள்ளே என்ன நடக்கிறது? நம் வீட்டுப் பழைய சோற்றில் ஓரிரவில் நடக்கிற புளிப்பு, இங்கே அரை ஆண்டு ஓராண்டுக்கு நீள்கிறது. சோற்றின் மாவுப்பொருளைத் தின்று பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. தொட்டிக்குள் அமில அளவு பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கிவிடும்; மீனை அழுகவைக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு இல்லை. அதே அமிலம் எலும்பிலுள்ள கால்சியத்தையும் கரைத்துவிடுவதால் தலை முதல் வால் வரை கடித்துத் தின்னலாம். மீனின் புரதம் மெல்ல உடைந்து அமினோ அமிலங்களாகும்போது சுவை ஆழமாகிறது. கூடவே ஆவியாகக்கூடிய அமிலங்கள் சேர்கின்றன. ஊரே பேசும் அந்த வாடை அவற்றிலிருந்து வருகிறது. சோறு கடைசியில் குழைந்து வெண்ணெய் போல் ஆகிவிடும். அதை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் தின்பது பழைய வழக்கம். மீன் மேல் ஒட்டியிருக்கும் அந்தச் சோற்றுக்கென்றே சாப்பிடுகிறவர்களும் உண்டு.

பருவங்கள் இங்கே எப்படிப் பொருந்துகின்றன என்று கவனியுங்கள். மீன் சினையோடு கரைக்கு வருவது வசந்தத்தில், நடவு வேலை நெருக்கும் காலத்தில். அப்போது மீனைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? உப்பில் போட்டு மறந்துவிடலாம். நடவும் களையெடுப்பும் முடிந்து கை ஓய்கிற கோடையில்தான் புளிப்பு கிளம்புவதற்கான வெப்பமும் இருக்கிறது. புத்தாண்டு விருந்துக்குத் தொட்டி தயார். உழவன் வீட்டு நாட்காட்டிக்குள் மீன் வந்து உட்கார்ந்துகொண்டது. இது மீனவர் பண்டம் என்பதை விட, மீன் பிடிக்கும் உழவர்களின் பண்டம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆயிரம் ஆண்டு என்றால்

மீனைச் சோற்றில் புளிக்கவைக்கும் பழக்கம் ஜப்பானில் பிறந்ததல்ல. தாய்லாந்தின் பிளா சோம், பிலிப்பைன்ஸின் புரோ, மலேசியாவின் பெக்காசம் எல்லாம் இதே குடும்பம். மேகாங் ஆற்றுப் படுகையில், மழைக்காலத்தில் வயலிலேயே மீன் மிகுதியாகக் கிடைத்து, வறண்ட காலத்தில் இல்லாமல் போகும் ஊர்களில் இது தோன்றியிருக்க வேண்டும் என்பது உணவு மானிடவியலாளர் இஷிகே நாவோமிச்சியின் கருத்து. நெல் வயல் இருந்தால் மீனும் இருக்கும். இரண்டும் ஒரே பானைக்குள் போவது இயல்பு. 6-ஆம் நூற்றாண்டுச் சீன வேளாண் நூல் ஒன்றிலும் இதன் செய்முறைகள் உள்ளன. நெல்லோடு கூடவே இதுவும் ஜப்பானுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

ஜப்பானில் 8-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பிலேயே வரியாகச் செலுத்த வேண்டிய பொருட்களில் சுஷி வகைகள் வருகின்றன. 927-இல் தொகுத்து முடித்த எங்கிஷிக்கி என்ற அரசு விதிநூல், ஓமி நாடு ஃபுனாசுஷி அனுப்ப வேண்டும் என்கிறது. ஓமி என்பது இன்றைய ஷிகா. இதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பு ஒன்றில் இன்னொரு சாட்சி இருக்கிறது, அதை விருந்தில் யாரும் சொல்வதில்லை. அயு மீன் சுஷி விற்கும் ஒரு பெண், குடித்துவிட்டு ஒரு வீட்டு வாசலில் தூங்கிவிடுகிறாள். விழித்தவள் தன் சுஷித் தொட்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்றுகூட நினைக்காமல் கையாலேயே கலந்துவிடுகிறாள். பார்த்தவன் அன்றோடு அயு சுஷியைத் தொடவில்லை. கதை அருவருப்புதான். ஆனால் அக்காலச் சுஷி எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான வர்ணனை கிடைப்பது கடினம். வேறுபாடே தெரியாதாம்!

1582-இல் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா தன் அசுச்சிக் கோட்டையில் கூட்டாளித் தலைவர் தொகுகாவா இயேயாசுவுக்கு விருந்து வைத்தபோது, உணவுப் பட்டியலில் ஃபுனாசுஷி இருந்தது. கோட்டை இருந்ததே பிவா ஏரிக் கரையில்தான். விருந்துப் பொறுப்பு நொபுநாகாவின் தளபதி அகேச்சி மிட்சுஹிதேயிடம். மீன் நாற்றம் அடிக்கிறது என்று நொபுநாகா சீறினார், அந்த அவமானத்தில்தான் சில நாட்களிலேயே மிட்சுஹிதே அவருக்கு எதிராகக் கிளம்பினார் என்று ஒரு கதை பின்னாளில் பரவியது. நாறியது ஃபுனாசுஷி என்று அதற்கு ஒரு வால் வேறு. பட்டியல் உண்மை. மற்றதை ரசித்துவிட்டு விட்டுவிடலாம். ஓமி மண்ணிலேயே கோட்டை கட்டி ஆண்டவருக்கு ஃபுனாசுஷி வாடை தெரியாதா என்ன?

ஆயிரம் ஆண்டாக அட்சரம் பிசகாமல் இதே முறையில் செய்துவருகிறார்கள் என்று சொல்வதும் இப்படித்தான். 1689-இல் வெளிவந்த ஒரு சமையல் நூல், ஓமி ஃபுனாசுஷியை நடுக்குளிர்காலத்தில் போடச் சொல்கிறது. கோடையில் போடும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். பழைய நூல்களை ஒப்பிட்டுப் பார்த்த சுஷி ஆய்வாளர் ஹிபினோ தெருதோஷி, இன்றைய ஃபுனாசுஷியை மிகப் பழைய சுஷியின் அப்படியே எஞ்சிய வடிவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறார். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. மீன் கிடைக்கும் காலம், உப்பின் விலை, சோற்றின் அளவு எல்லாம் மாறும்போது கைமுறையும் மாறியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற இடங்களில் மாற்றம் வேறு திசையில் போனது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் முதலில் நாட்களைக் குறைத்து, பாதி புளித்த சோற்றையும் சேர்த்துத் தின்றார்கள். பிறகு புளிப்புக்காகச் சோற்றில் வினிகரை ஊற்றினார்கள். 1820-களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், கையில் பிடித்துக் கொடுக்கும் நிகிரி வந்தது. ஷிகாவில் பழைய வழி நின்றதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. அங்கே வசந்தம்தோறும் மீன் தானாக வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

பிடிபடும் எல்லா மீனும் தொட்டிக்குப் போகும் ஊர் அது. ஹாசு, உகுய், ஒய்காவா என்று ஏரியின் மற்ற மீன்களிலும் இப்படிச் சுஷி போடுகிறார்கள். ரித்தோ நகரில் ஒரு கோயில் விழாவுக்கு அயிரை போன்ற தோஜோவையும் கெளுத்தியையும் சோற்றில் புளிக்கவைக்கும் வழக்கம் உண்டு. மோரியாமாவின் ஷிமோநீகாவா கோயிலில் மே 5-ஆம் தேதி சுஷி வெட்டும் விழா. சடங்கு உடையில் வரும் இரண்டு இளைஞர்கள் ஃபுனாசுஷியைக் கையால் தொடாமல் நீளமான உலோகக் குச்சிகளால் பிடித்து, கத்தியால் துண்டு போட்டுச் சாமிக்கு வைக்க வேண்டும். வீட்டில் இது விருந்தாளிக்கும் புத்தாண்டுக்கும் உரியது. கூடவே கைமருந்தும் கூட: வயிறு சரியில்லை, சளி பிடித்திருக்கிறது என்றால் இரண்டு துண்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, உப்புக் கொஞ்சம் சேர்த்து, வெந்நீரோ தேநீரோ ஊற்றிக் குடிப்பார்கள். தலையும் வாலும் தெளிந்த சூப்புக்குப் போகும். மற்றபடி மெல்லிய துண்டுகளாக அரிந்து, நடுவில் செம்மஞ்சள் சினை தெரிய வட்டமாக அடுக்கி, சாகே என்ற அரிசி மதுவோடு. முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் சூடான சோற்றின் மேல் இரண்டு துண்டு வைத்துத் தேநீர் ஊற்றித் தொடங்குவது நல்லது. வாடை அடங்கி, புளிப்பும் உப்பும்தான் முன்னால் வரும்.

படி உடைந்தது

இந்த மீனுக்கு வாழ மூன்று இடம் வேண்டும். பெரிய ஏரி, கரையோர நாணல் காடு, வயல். முட்டையிடுவது நாணலிலும் வயலிலும். குஞ்சு வளர்வதும் அங்கேதான். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும், நுண்ணுயிர்த் தீனி பெருகும், பெரிய மீன்கள் வந்து விழுங்க முடியாது. இரண்டு சென்டிமீட்டர் போல வளர்ந்ததும் ஏரிக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஜப்பானுக்கு நெல் நிலம் தேவைப்பட்டது. ஏரியை ஒட்டிக் குட்டி ஏரிகளாக இருந்த நீர்நிலைகளின் பெரும்பகுதியை வற்றவைத்து நிலமாக்கினார்கள். அவற்றில் மிகப் பெரியதான தைநாகா 1960-களில் வயலானது. 1950-களில் சுமார் 260 ஹெக்டேர் இருந்த நாணல் காடு, 1990-களின் தொடக்கத்தில் பாதியாகச் சுருங்கியது. 1972-இல் தொடங்கி 1997 வரை நடந்த பிவா ஏரி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில் கரை நெடுக மண் மேடும் சாலையும் வந்தன. கீழே கியோட்டோ, ஒசாகா பக்கம் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஏரித் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். திட்டத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது.

என் கணக்கில் மீனுக்கு இதைவிடப் பெரிய அடி, வெளியே தெரியாத ஒரு வேலையில் விழுந்தது. வயல்களைச் சதுரமாகத் திருத்தி, டிராக்டர் இறங்க வசதியாக வடிகால் வாய்க்காலை ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் போட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் வயலை விட ஒரு மீட்டர் போலக் கீழே போய்விட்டது. உழவனுக்கு அது வரம். சேறு வற்றும், மகசூல் கூடும். ஏறிவந்த மீனுக்கு அது சுவர். ஒரு குடும்பம் தன் வயலைத் திருத்திக்கொண்டபோது தன் வீட்டுச் சுஷித் தொட்டியையும் சேர்த்தே மூடியது, அப்போது அது யாருக்கும் உறைத்திருக்காது.

இதற்கு மேல் வெளியூர் மீன்கள். 1974-இல் கறுப்பு பாஸ் ஏரியில் தென்பட்டது. நீலச்செவுள் மீனின் கதை விசித்திரமானது: 1960-இல் அமெரிக்கா போன பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு சிகாகோ மேயர் கொடுத்த பரிசு அது. உணவுக்கு வளர்க்கலாம் என்று ஆய்வுக்கூடத்துக்குத் தந்தார். அது ஏரிக்குள் போய்ச் சேர்ந்து, முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகியது. மீனியல் ஆய்வாளருமான அவர், பேரரசராக 2007-இல் ஷிகாவுக்கு வந்தபோது இதற்காக மனம் வருந்துவதாக மேடையிலேயே சொன்னார். 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் பிடிபட்ட நிகோரோபுனா, 1997 வாக்கில் 20 டன்னுக்குக் கீழே வந்துவிட்டது. கையால் அள்ளிய மீனில் செய்த பண்டம், ஒன்றுக்குப் பல ஆயிரம் யென் கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டியானது. விலை ஏறியதும் வீட்டில் போடுவது குறைந்தது. வீட்டில் போடாததால் பிள்ளைகளுக்கு நாக்கு பழகவில்லை. வாடையைப் பற்றிய பேச்சு மட்டும் பெருகியது.

மீட்பு முயற்சிகளில் மிகவும் யோசித்துச் செய்தது எளிமையானதும் கூட. 2000-களின் தொடக்கத்தில் மாகாண அரசும் உழவர்களும் சேர்ந்து, வடிகால் வாய்க்காலில் பலகைகளை அடுக்கடுக்காகச் செருகித் தண்ணீர் மட்டத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள். மீன் ஒவ்வொரு படியாகத் தாண்டி வயலுக்குள் ஏறியது. ஜூனில் பயிர் நடுவே வயலைக் காயவிடும்போது குஞ்சுகள் தண்ணீரோடு ஏரிக்குப் போய்விடும். அந்த வயலில் களைக்கொல்லி தெளிப்பதானால் மீனுக்குத் தீங்கு குறைந்ததை மட்டுமே தெளிக்கலாம். அங்கே விளையும் அரிசி "மீன் தொட்டில் வயல்" என்ற பெயரில், கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கிறது. அந்தக் கூடுதல் விலை இல்லாவிட்டால் எத்தனை பேர் ஒவ்வொரு வசந்தத்திலும் வாய்க்காலில் இறங்கிப் பலகை செருகுவார்கள்? சொல்வதற்கில்லை. மீனுக்காக உழவரிடம் தியாகம் கேட்காமல் விலை கொடுத்தது திட்டத்தின் சாமர்த்தியம். ஏரி, வயல், காடு சேர்ந்த இந்த அமைப்பை 2022-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. 1998-இலேயே ஏரி மீன் சுஷியைத் தன் உணவுப் பண்பாட்டுச் சொத்தாக மாகாணம் அறிவித்திருந்தது. 2023-இல் அதைச் செய்யும் நுட்பம் நாட்டளவில் நாட்டார் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவானது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கோடையில் வகுப்பு நடத்துகின்றன. உப்பிட்ட மீனும் சோறும் அங்கேயே தருவார்கள். கழுவி, அடுக்கி, பிளாஸ்டிக் வாளியோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

தீராமல் நிற்பது தண்ணீர் மட்டம். பிவா ஏரிக்கு இயற்கையான வடிகால் ஒன்றே, செட்டா ஆறு. அதிலுள்ள அணையை இயக்க 1992-இல் வந்த விதிப்படி, வெள்ளக் காலத்துக்கு முன்னேற்பாடாக ஜூன் நடுவுக்குள் ஏரி மட்டத்தை ஏறக்குறைய அரை மீட்டர் இறக்க வேண்டும். மீன் முட்டையிடும் காலமும் அதேதான். நாணல் தண்டிலும் புல்லிலும் ஒட்டிய முட்டைகள் கரையில் காய்ந்துபோகும். வெள்ளத்துக்கு அஞ்சுகிறவர்களின் பயமும் நியாயமானதே. 1896-இல் ஏரி நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்து ஊர்களுக்குள் புகுந்து நின்றதை ஷிகா இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. முட்டை பொரியச் சில நாட்கள் போதும். பெருமழைக்குப் பின் மீன்கள் முட்டையிட்டதும், அந்தச் சில நாட்கள் மட்டும் மட்டத்தை இறக்காமல் பிடித்து வைக்க முடியுமா என்று 2000-களிலிருந்து அணையை இயக்குகிறவர்கள் சோதித்துவருகிறார்கள்.